துணைக்காப்பு

"ஏழு மாசத்துல ஒரு வார்த்தை அவ எங்கிட்டப் பேசி—"

"பேசலீன்னா, நீங்க வீட்டுல இருந்தாத்தான—"

"நாஞ் சொல்றத முழுசாக் கேளு மைதிலி. நானும் அவளும் மட்டும் இருக்கறப்ப—"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? உங்களுக்குப் பொறாமை."

"பெத்த புள்ள மேல ஆராச்சும் பொறாமைப்படுவாங்களா?"

"புள்ள மேல இல்லீங்க, எம்மேல. எங்கிட்ட மட்டும் பேசறாளேன்னு."

நவநீதன் காப்பித் தம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தான். வைத்த வேகத்தில் பாதிக் காப்பி வெளியே வந்தது.

"அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் உங்கிட்ட மட்டும்? நீ கடைக்குப் போனா அவ பேச்சும் உங்கூடவே கடைக்குப் போயிருது. நீ வந்து செருப்பக் கழட்டறப்ப அவளும் பேச ஆரம்பிச்சுர்றா. உனக்கு ஒரு மாதிரியா இல்லயா?"

"தாயக் கண்டா புள்ள பேசத்தான் செய்யும்."

"மூணு மணிக்கு விசாரணை. இவ சொன்ன ஒத்தை வார்த்தைய வெச்சு அந்தப் பொம்பளையப் போலீசுக்கு அனுப்பப் போறாங்க. அதுக்கு முன்னால நாம—"

"அப்பா, அம்மாவைத் திட்டாதீங்க. அம்மா பாவம்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குரல் வந்தது ஹாலின் நடுவே விரித்திருந்த ஜமக்காளத்திலிருந்து. ஆதிரை அதில் குப்புறப் படுத்து, சிவப்புக் கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். விரல் நிற்கவில்லை. வாய் திறக்கவில்லை. பேசியது அவள் கழுத்தைச் சுற்றியிருந்த சாம்பல் நிறப் பட்டை.

மைதிலி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன்," என்றான் நவநீதன். "பத்து வயசுப் புள்ள 'அம்மா பாவம்'னு பேசுமா? அது உன்ற வார்த்தை."

"எங்கிட்ட வளர்ற புள்ள என்ற வார்த்தையப் பேசாம, எதிர்வீட்டுக்காரி வார்த்தையையா பேசும்?"

நவநீதன் ஜமக்காளத்தின் மறு முனையில் போய் உட்கார்ந்தான். மகளின் விரல் ஊர்ந்து ஊர்ந்து அவன் முழங்காலை வந்து தொட்டது. தொட்டதும் திரும்பி, அடுத்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அப்பனுக்கும் மகளுக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஆதிரைக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வரவில்லை. ஏழு வருடம் மைதிலி மகளின் முனகலில் இருந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பசியையும் வலியையும் பிரித்து அறிந்தாள். தெருவில், கோயிலில், கல்யாண மண்டபத்தில் யாராவது குனிந்து "சாப்டியா கண்ணு?" என்று கேட்டால், அவர்கள் நிமிர்வதற்குள் "சாப்பிட்டேன்னு சொல்றாளுங்க" என்று இவளே சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் குழந்தையின் முகத்தில் பதிலைத் தேடி, கிடைக்காமல், பரிதாபப்பட்டுவிடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அந்த அரைக் கணத்தைத்தான் அவளால் தாங்க முடியாது.

பிறகு குரல்பட்டை வந்தது. சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போவது தொண்டைத் தசையில் ஒரு நடுக்கமாக நிற்குமாம். பட்டை அதைப் பிடித்துச் சொல்லாக்குமாம். ஊரில் நாற்பது குழந்தைகளுக்குப் போட்டார்கள். பட்டை வழியாகச் சொன்னதும் வாக்குமூலம்தான் என்று அரசாங்கமும் ஒப்புக்கொண்டுவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்பு, சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் மகளை அழைக்கப் போன மைதிலி, அவள் மணிக்கட்டில் சிவந்த தடம் ஒன்றைப் பார்த்தாள்.  அடுத்த நொடி பட்டை பேசியது: "வளர்மதி ஆயா கையை முறுக்கினாங்க." சுற்றி நின்ற அத்தனை பெற்றோரும் கேட்டார்கள். மறுநாள் வளர்மதியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று விசாரணை. அதற்கு முன்னால், பட்டையில் பழுது இல்லை என்று, அதை மாட்டிவிட்ட குரல் மையத்தில் சான்று வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

"கெளம்புங்க," என்றாள் மைதிலி. "சான்ற வாங்கி உங்க கையில குடுத்தாலாச்சும் நம்புவீங்களான்னு பாக்கறேன்."

பெருந்துறை ரோட்டில் இருந்த மையத்தில் பரிசோதனை அறைக்குள் தாயையும் பிள்ளையையும் மட்டும் விட்டார்கள். நவநீதன் வண்டியிலேயே இருந்துகொண்டான்.

உள்ளே பட்டைகளைப் பரிசோதிக்கும் ஃபர்ஸானாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேசைக்கு இந்தப் பக்கம் மைதிலியையும் அந்தப் பக்கம் ஆதிரையையும் உட்காரவைத்து, நடுவில் ஒரு தட்டியை நிறுத்தினாள். ஆளுக்கொரு திரை.

"படம் வரும், புள்ள பேர் சொல்லும். அவ்வளவுதாங்க்கா. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா உங்க திரையப் பாத்துட்டிருங்க."

மைதிலியின் திரையில் பூனை வந்தது.

"பூனை," என்றது பட்டை.

சாவி வந்தது. "சாவி." ரயில் வந்தது. "ரயில்."

மைதிலிக்கு மூச்சு சீரானது. குடை வந்தது.

"குடை."

ஃபர்ஸானா எதையோ எழுதினாள். தேங்காய் வந்தது. "தேங்காய்." கடிகாரம். "கடிகாரம்." ஃபர்ஸானாவின் பேனா நின்றுவிட்டது. எழுந்து வந்து தட்டியை மெல்ல ஓரமாக நகர்த்தினாள்.

ஆதிரையின் திரையில் ஒரு சீப்பு இருந்தது.

"என்னங்க இது?" என்றாள் மைதிலி. "கடிகாரமில்ல வந்துது?"

"உங்களுக்குக் கடிகாரங்க்கா. புள்ளைக்குச் சீப்பு. மொதல் மூணு படம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அதுக்கப்பறம் வேற வேற."

"இவ எட்டிப் பாத்திருப்பா."

"பாக்க முடியாதுங்க்கா." ஃபர்ஸானா அவள் எதிரே உட்கார்ந்தாள். "வலது கையக் கொஞ்சம் காட்டுங்க."

மைதிலி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். கண்ணாடி வளையல்கள் உரசிச் சத்தமிட்டன. அவற்றுக்கு நடுவே, மஞ்சள் நூல் சுற்றி, மெல்லிய சாம்பல் வளையம் ஒன்று இருந்தது.

"தொலைஞ்சு போச்சுன்னு நீங்க போன்ல சொன்னதாப் பதிவுல இருக்குது," என்றாள் ஃபர்ஸானா. "துணைக்காப்பு. அறுபதாம் நாளே திருப்பிக் குடுத்திருக்கோணும்."

மைதிலி மஞ்சள் நூலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஊர்ல மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிக்கிட்டா, பண்டிகை முடிஞ்சு கம்பம் புடுங்கற வரைக்கும் கழட்ட மாட்டோம். நடுவுல கழட்டினா வேண்டினது கையவிட்டுப் போயிரும். நீங்க இத என்ற கையில மாட்டினப்ப, 'காப்பு'ன்னீங்க. அப்ப நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். இவ வாயில ஒரு சொல்லு வர்ற வரைக்கும் கழட்ட மாட்டேன்னு. அம்பத்தெட்டாம் நாள் 'அம்மா'ன்னா."

"சொல்லு வந்துருச்சுல்லங்க. அப்பக் கழட்டியிருக்கலாமே."

"வந்ததுக்கப்பறம் இன்னும் பயமாப் போச்சு. இன்னிக்கிக் கழட்டி நாளைக்கி அவ பேசலீன்னா? ஒரு வாரம் போகட்டும்னு நெனச்சேன். பொறகு ஒரு மாசம்."

"அது வேண்டுதல் காப்பு இல்லீங்க்கா," என்றாள் ஃபர்ஸானா. குரலில் கோபமில்லை. "மொதல் அறுபது நாளு பட்டைக்குப் புள்ளையோட தொண்டை என்ன சொல்லுதுன்னு வெளங்காது. அதனால உங்களக் கேட்டுக் கத்துக்கும். புள்ள சொம்பப் பாக்குது, நீங்க 'தண்ணி'ன்னு நெனைக்கறீங்க, அது காப்பு வழியாப் போயி, ஓ இதுக்குத் தண்ணின்னு அர்த்தமான்னு குறிச்சு வெச்சுக்கும். அதுக்கப்பறம் காப்பக் கழட்டிரோணும். கழட்டினாத்தான் புள்ளையத் தனியாக் கேக்கும். கழட்டலீன்னா, பட்டைக்கு ரெண்டு பேரு நெனப்பும் கேக்குது. உங்களது நல்லாத் தெளிவா இருக்குது. அவளது மங்கல். தெளிவா இருக்கறதத்தான் அது பேசும்."

"நான் ஒண்ணும் பேசலயே. வாயே தொறக்கல."

"வாயத் தொறக்க வேண்டாங்க்கா. பயந்தாப் போதும்."

ஆதிரை மேசை விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். மைதிலி அவளைப் பார்த்தாள். பட்டை சொன்னது: "அம்மா, வீட்டுக்குப் போலாம்."

ஃபர்ஸானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப 'அம்மா'ன்னது?" என்றாள் மைதிலி.

ஃபர்ஸானா பேனாவை மூடி வைத்தாள்.

"பொறந்த நாளைக்கி, 'உன்ன எனக்குப் புடிக்கும்'னு சொன்னா. அது?"

"எனக்குத் தெரியாதுங்க்கா."

"ஆயா கைய முறுக்குச்சுன்னு—"

"அந்தத் தடத்தப் பாத்ததும் உங்க மனசுல மொதல்ல என்ன வந்துச்சு?"

 அந்த ஆயாவை முதல் நாள் பார்த்ததிலிருந்தே மைதிலிக்கு அந்த நினைப்புத்தான். பெரிய கை, கட்டைக் குரல், அவசரமான நடை. இந்தக் கையில் என் பிள்ளை என்ன பாடு படப்போகிறாளோ. தினமும் மாலை வாசலில் நிற்கும்போது மகளை மேலிருந்து கீழாகத் துழாவியது அவள் கண். தேடியது ஒருநாள் கிடைத்தது.

"இப்பக் கழட்டினா இவளாப் பேசுவாளா?"

"சொல்ல முடியாதுங்க்கா. ஏழு மாசம் உங்களையே கேட்டுப் பழகின பட்டை. எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். புள்ள ஒத்துக்கோணும். மாசக்கணக்கா ஒண்ணுமே பேசாம இருக்கும். சில புள்ளைங்க கடைசி வரைக்கும்..."

"மத்தவங்கல்லாம் ஒழுங்காக் கழட்டிக் குடுத்துட்டாங்களா?"

"பாதிப் பேருக்கு மேல 'தொலைஞ்சு போச்சு'ன்னுதான் பதிவு. நான் மேல சொன்னேன். வீட்டுல சந்தோசமா இருக்காங்கல்ல, உனக்கென்ன வந்துச்சுன்னாங்க." எழுந்து போய் ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். "சான்றுல பட்டையப் பத்தி மட்டுந்தான் கேள்வி. பட்டைக்குப் பழுதில்லைன்னு போட்டிருக்கேன். அது பொய்யில்ல. காப்பப் பத்தி எழுத இதுல எடமில்ல. அத நீங்கதான் சொல்லோணும்."

"சொல்லலீன்னா?"

"நான் உங்க வீட்டுக்கு வந்து கழட்ட மாட்டேங்க்கா."

வண்டியில் மைதிலி பின் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நவநீதன் சான்றை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"செரி. நான் சொன்னது தப்புத்தான். மனசுல வெச்சுக்காத." வண்டியைக் கிளப்பினான். "அந்த ஆயாவ ரெண்டு நாளு முன்னால சந்தையில பாத்தேன். 'கையப் புடிச்சனுங்க, இல்லேங்கல, முறுக்கலைங்க'ன்னாங்க. மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற மாதிரி தெரியல. அதாங் கொழம்பிட்டேன். மூஞ்சிய வெச்சு என்னத்தக் கண்டோம். புள்ள சொல்லுதுன்னா புள்ள சொல்றதுதான்."

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். மைதிலி அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். சான்று இருக்கிறது. வளர்மதி வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்வாள். பார்ப்பாளா? குழந்தையை அடித்தவள் என்று பேர் வாங்கினவளை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? சரி, வேறு வேலை. தவறு செய்யாமலா தடம் வந்தது? தடம் என் கற்பனை இல்லையே, தடம் நிஜம்தானே. வாயைத் திறந்தால் இன்று சாயங்காலம் வீட்டில் யார் 'அம்மா' என்று கூப்பிடுவார்கள்? நாளைக்கு? நான் செத்த பிறகு இவளுக்கு என்ன வேண்டும் என்று எந்த நாய்க்குத் தெரியும்?

"எனக்குப் பயமா இருக்கு," என்றது பட்டை.

"பயப்படாத சாமி," என்றான் நவநீதன், கண்ணாடியில் பார்த்து. "அப்பா இருக்கறேன்ல. ஆரும் உன்ன ஒண்ணுஞ் செய்ய மாட்டாங்க." அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "மைதிலி, கேட்டியா? எங்கிட்டச் சொல்றா."

ஆதிரை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, மூச்சில் படர்ந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பயத்தின் சாயலே இல்லை. இந்த முகத்தை நான் எத்தனை நாளாகப் பார்க்கவில்லை என்று மைதிலி நினைத்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

விசாரணையைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு அறையில் வைத்திருந்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிக்கும் தலைமையாசிரியைக்கும் பெரிய நாற்காலி. வளர்மதி குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, நாற்காலியும் கூடவே எழும்பியதால் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆதிரை நேரே கரும்பலகைக்குப் போய் அதன் மரச்சட்டத்தில் விரலை ஓட்ட ஆரம்பித்தாள்.

அதிகாரி சான்றைப் பார்த்தார். "பட்டைக்குப் பழுதில்ல. நல்லது." அவளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "பாப்பா, உன் பேர் என்ன?"

"ஆதிரை," என்றது பட்டை.

"உங்கையில செவப்பா ஆயிருந்துச்சாமே. அது எப்படியாச்சு? பயப்படாமச் சொல்லு."

அறை காத்திருந்தது. கேட்டவர் இன்னும் நிமிரவில்லை.  சொல்லக் கூடாது, நினைக்கக் கூடாது, நான் இதை நினைக்கக் கூடாது, வேறு எதையாவது நினைக்க வேண்டும், பூனை, சாவி, ரயில்—

"வளர்மதி ஆ—"

மைதிலி காப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்து விழுந்தன. மஞ்சள் நூல் அறுந்தது. பட்டை பாதிச் சொல்லில் நின்றுவிட்டது.

"என்ன பண்ற?" என்றான் நவநீதன்.

"அது அவ பேசலீங்க," என்றாள் மைதிலி அதிகாரியிடம். மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. "நாந்தான். இத்தன நாளும் நாந்தான்."

ஃபர்ஸானா சொன்னதையெல்லாம் அவள் சொல்லி முடித்தாள். நவநீதன் அதிகாரி கையிலிருந்த சான்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வண்டியில 'பயமா இருக்கு'ன்னது?" என்று மட்டும் கேட்டான்.

"நான்."

அவன் திரும்பி ஜன்னல் பக்கம் போனான்.

வளர்மதி குட்டி நாற்காலியை விட்டு இந்தத் தடவை எழுந்தேவிட்டாள். மைதிலிக்கு நேரே வந்து நின்றாள்.

"மூணு வாரமா என்ற மகன் எங்கூடப் பேசறதில்லீங்க. 'பேச்சு வராத புள்ளையப் போயி அடிச்சியாம்மா'ன்னு கேட்டான். அவனுக்கு நீங்க வந்து சொல்லுவீங்களா?"

"வர்றேன்."

"உங்க புள்ள பள்ளிக்கூடக் கேட்டத் தாண்டி, பஸ் வர்ற ரோட்டுல ஓடினா. எட்டிப் புடிச்சேன். முறுக்கினனா இல்லியான்னு கேட்டுக் கேட்டு, இப்ப எனக்கே செரியா ஞாபகமில்ல. புடிச்சேன். புடிச்சது நெசம்."

"அப்ப என்ன நடந்துச்சுன்னு ஆருதான் சொல்றது?" என்றார் அதிகாரி, பொதுவாக.

எல்லாரும் ஆதிரையைப் பார்த்தார்கள்.

அவள் கரும்பலகையை விட்டு வந்து தாயின் எதிரே நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. முகவாயைத் தூக்கி, இரண்டு கைகளாலும் கழுத்துப் பட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். ஒரு தரம், இரண்டு தரம். தினமும் செய்வதுதான். காலையில் மாட்டும்போது செய்வாள், சாப்பிடும்போது செய்வாள். ஒவ்வொரு தடவையும் பட்டை "அரிக்குதும்மா, சரியாயிரும்" என்று சொல்லும். மைதிலியும் உள்ளே மல்துணி வைத்துத் தைத்து, பவுடர் போட்டு, அந்தக் கைகளை விலக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள்.

இப்போது பட்டை ஒன்றும் சொல்லவில்லை. ஆதிரை மூன்றாம் தரம் இழுத்தாள்.

மைதிலி முழங்காலிட்டுக் கொக்கியை விடுவித்தாள். மல்துணிக்கு அடியில் கழுத்தைச் சுற்றிலும் கன்றிப்போய் ஒரு வளையம் இருந்தது. குழந்தை நீளமாக மூச்சு விட்டது.

"கழட்டு கழட்டுன்னுதான் இத்தன நாளும் சொல்லிட்டிருந்தியா, சாமி?"